டயப்பர் புண் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி: நம்ம ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

டயப்பர் போடும் குழந்தைக்கு என்றாவது ஒருநாள் தொடையும் பின்புறமும் சிவந்து போகத்தான் செய்யும். அதற்காக எந்த அம்மாவும் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டியதில்லை, வீட்டில் இருக்கும் மற்றவர்களும் அவளைத் திட்ட வேண்டியதில்லை. ஆனால் வாரக்கணக்கில் ஆறாமல், துடைக்கக் கையைக் கொண்டுபோனாலே குழந்தை வீறிட்டு அழும் அளவுக்குப் புண்ணாவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். எல்லோரும் "எந்த க்ரீம் நல்லது?" என்ற கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார்கள். க்ரீம் இரண்டாவதுதான். ஈரமும் மலமும் குழந்தையின் தோலில் எவ்வளவு நேரம் ஒட்டிக் கிடக்கின்றன என்பதுதான் முதல் கேள்வி, கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு படியும் அந்த நேரத்தைக் குறைப்பதற்காகத்தான்.

அந்த இடம் ஏன் சிவக்கிறது?

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் போதும், பாதி அறிவுரைகளை யாரும் சொல்லாமலே நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.எச். கணக்கில் சுமார் 5.5. ரொம்ப நேரம் ஈரத்தில் இருந்தால் தோலின் மேலடுக்கு ஊறி உப்பிவிடும், அதன்மேல் டயப்பர் உரசும்போது சீக்கிரம் தேய்ந்துபோகும். இது முதல் கட்டம். இரண்டாவது கட்டம்தான் மோசம். மலத்தில் இருக்கும் பாக்டீரியாக்கள் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன, அதனால் தோலின் அமிலத்தன்மை போய்க் காரத்தன்மை ஏறுகிறது. அந்தக் காரச் சூழலில், மலத்தோடு வெளியே வந்திருக்கும் செரிமான நொதிகள் (புரதத்தையும் கொழுப்பையும் உடைப்பவை) மறுபடி தீவிரமாக வேலை செய்ய ஆரம்பித்து, இந்த முறை குழந்தையின் தோலையே அரிக்கின்றன.

ஆக, சிறுநீர் மட்டும் கொஞ்ச நேரம் இருப்பது வேறு, சிறுநீரும் மலமும் சேர்ந்து இருப்பது முற்றிலும் வேறு. பேதியாகும் குழந்தைக்குச் சில மணி நேரத்திலேயே ஏன் சிவந்துவிடுகிறது, சோப்பு போட்டுப் போட்டுக் கழுவினால் ஏன் இன்னும் மோசமாகிறது, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஏன் இந்தப் பிரச்சனை கொஞ்சம் குறைவு (அவர்கள் மலத்தில் காரத்தன்மையும் இந்த நொதிகளின் வேலையும் குறைவு) என்பதற்கெல்லாம் விடை இதில்தான் இருக்கிறது.

பலரும் பிறந்த குழந்தைக்குத்தான் அதிகம் வரும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதிகம் வருவது 9 முதல் 12 மாதத்தில். அப்போதுதான் திட உணவு முழுமையாக நடக்கிறது, குழந்தை உட்கார்ந்து தவழ்ந்து உரசுகிறது, ராத்திரி ஒரே டயப்பரில் நீண்ட நேரம் தூங்குகிறது. "மூணு மாசம் வரைக்கும் ஒண்ணுமே வரலையே" என்று அசந்து இருக்கும் வீடுகளில்தான் எட்டாம் மாதம் பிரச்சனை தொடங்கும்.

படி 1: மாற்றும் நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள்

மலம் போனால் உடனே மாற்ற வேண்டும். "இப்பத்தானே மாத்தினேன்", "டயப்பர் இன்னும் காலியாத்தானே இருக்கு" என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது. ஒரு ஸ்பூன் அளவு போயிருந்தாலும் சரி, அந்த டயப்பர் முடிந்தது.

சிறுநீர் மட்டும் என்றால், பிறந்த குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 20 தடவை வரைகூட ஒண்ணுக்குப் போகும், ஒரு வயதில் அது ஏழு தடவை அளவுக்குக் குறையும். அட்டையில் "12 மணி நேரம்" என்று போட்டிருப்பது கசிவு இல்லாமல் தாங்கும் நேரம், குழந்தையின் தோல் தாங்கும் நேரம் இல்லை. சில டயப்பர்களில் மஞ்சள் கோடு நீலமாக மாறும், அது உதவிதான், ஆனால் அந்தக் கோடு ஈரத்தைத்தான் காட்டும். மலம் போயிருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு விஷயம். வயிற்றுக்குள் பால் போனதும் குடல் அசைய ஆரம்பிக்கும், அதனால் சின்னக் குழந்தைகள் பால் குடிக்கும்போதே அல்லது குடித்து முடித்ததுமே ஆய் போய்விடும். பால் கொடுப்பதற்கு முன்னால் புது டயப்பர் கட்டுவதைவிடப் பின்னால் கட்டினால் ஒரு டயப்பர் மிச்சம், தோலுக்கும் நல்லது. குடித்ததும் கக்கும் குழந்தை என்றால் ஒரு பக்கம் குடித்து முடித்து அடுத்த பக்கம் போடுவதற்கு முன்னால் மாற்றிக்கொள்ளுங்கள்.

ராத்திரி? தோல் நன்றாக இருக்கிறது, சிறுநீர் மட்டும்தான் என்றால் தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டாம், படுக்கப்போகும் முன் நல்ல உறிஞ்சும் டயப்பரும் தடிமனான பூச்சும் போதும். ஏற்கெனவே சிவந்திருந்தால் மட்டும் நடுவில் ஒருமுறை மாற்றத்தான் வேண்டும்.

செலவைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் நிறைய வீடுகளில் நேரத்துக்கு மாற்றாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, ஒரு டயப்பரின் விலைதான். அப்படி இருந்தால் ஒரு டயப்பரை நீட்டி நீட்டிப் போடுவதைவிட, பகலில் வீட்டில் துணி, ராத்திரிக்கும் வெளியே போகவும் டயப்பர் என்று பிரித்துக்கொள்வது மேல். காசும் மிச்சம், காற்றும் படும்.

படி 2: கழுவுங்கள், தேய்க்காதீர்கள்

நம் வீடுகளில் குழாயடியில் குழந்தையைக் கையில் ஏந்தித் தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கம் அருமையான பழக்கம், ஈர டிஷ்யூ வந்துவிட்டது என்பதற்காக அதை விட்டுவிட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், உங்கள் கை, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் சோப்பு தேவையில்லை. சோப்பு காரத்தன்மை உடையது, தோலில் மிச்சம் இருக்கும் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். ஒட்டிக் காய்ந்த மலத்துக்குப் பஞ்சில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு ஊறவிட்டு எடுத்தால் தேய்க்காமலே வந்துவிடும்.

பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாக மட்டுமே கழுவுங்கள், துடையுங்கள், மலம் முன்பக்கம் வந்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். ஆண் குழந்தைக்கு முன்தோலைப் பின்னால் தள்ளிக் கழுவச் சொல்லிச் சில பெரியவர்கள் வற்புறுத்துவார்கள், வேண்டாம், அந்த வயதில் அது ஒட்டித்தான் இருக்கும், வெளியே மட்டும் கழுவினால் போதும். தொடை மடிப்புகளை விரித்துப் பாருங்கள், அங்கே பால் வாசனையோடு ஒரு வெள்ளைப் பசை சேர்ந்திருக்கும்.

குளிக்கவைக்கும் தண்ணீரில் கிருமிநாசினி திரவம் ஊற்றும் வழக்கம் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கிறது. சிவந்த தோலில் அது எரியும், ஒன்றும் தடுக்காது. நிறுத்திவிடுங்கள்.

வெளியே போகும்போது ஈர டிஷ்யூ இல்லாமல் முடியாது என்பது புரிகிறது. வாசனை சேர்க்காதது, ஆல்கஹால் இல்லாதது என்று பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே புண்ணாக இருந்தால் ஈர டிஷ்யூவை ஒதுக்கிவிட்டு, ஒரு பாட்டில் கொதித்து ஆறிய தண்ணீரும் பஞ்சும் எடுத்துப்போங்கள்.

கடைசியாக, ஈரத்தை ஒற்றி எடுங்கள். நாள்பட்ட பருத்தி வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டால் அதைவிட மென்மையான துணி கடையில் கிடைக்காது. மடிப்புகளுக்குள்ளும் ஒற்றுங்கள், அங்கேதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

படி 3: காற்று படவிடுங்கள்

செலவே இல்லாத வைத்தியம் இது, ஆனால் படுக்கை நனையும் என்று பயந்து இதைத்தான் முதலில் கைவிடுகிறோம். ரப்பர் ஷீட் விரித்து, அதன்மேல் இரண்டு மடிப்புப் பருத்தித் துணி போட்டு, குளித்த பிறகும் ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே கிடக்கட்டும். நனைந்தால் துணியை உருவிவிட்டு வேறு போடுங்கள். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் டயப்பருக்குள் குழந்தைக்கு வியர்வையே போதும் தோல் ஊறுவதற்கு, அந்த மாதங்களில் பகலில் எவ்வளவு நேரம் டயப்பர் இல்லாமல் வைக்க முடியுமோ அவ்வளவு நேரம் வையுங்கள். மின்விசிறிக் காற்று போதும். தலைமுடி உலர்த்தும் கருவியை அந்த இடத்தில் காட்டவே கூடாது, சுட்டுவிடும். உச்சி வெயிலில் காட்டுவதும் வேண்டாம். சாம்பிராணிப் புகை காட்டினால் அந்த இடம் உலரும் என்பார்கள், உலருவதற்குத் துணியும் காற்றும் இருக்கின்றன, புகை குழந்தையின் மூச்சுக்குள்தான் போகும்.

படி 4: பூச்சு, எப்போது, எவ்வளவு

டயப்பர் க்ரீமின் வேலை தோலுக்கும் மலத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பாக நிற்பது. அதற்குச் சிங்க் ஆக்ஸைடு உள்ள களிம்பு அல்லது சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி போதும். சிங்க் ஆக்ஸைடு களிம்புகள் 10 முதல் 40 சதவீதம் வரை கிடைக்கின்றன: தடுப்புக்குக் குறைந்த அளவு போதும், சிவந்துவிட்டால் கெட்டியான, அதிக சதவீதம் உள்ளது நல்லது. வாசனை, மூலிகைச் சாறு என்று பட்டியல் நீளமாக நீளமாக ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகம், அதனால் சேர்மானம் குறைவாக உள்ளதை எடுங்கள். விலை அதிகமானதுதான் நல்லது என்பதில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை.

முகத்துக்குப் பூசுவதுபோல மெல்லியதாகத் தேய்த்தால் பயனில்லை. தோல் தெரியாத அளவுக்குத் தடிமனாக, தேய்க்காமல் அப்பிவிடுங்கள். ஈரம் முழுக்கப் போன பிறகுதான் பூச வேண்டும், இல்லையென்றால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதுபோல ஆகிவிடும். அப்புறம் முக்கியமான ஒன்று: அடுத்த தடவை மாற்றும்போது பழைய பூச்சு முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டாம். மேலே அழுக்கான அடுக்கை மட்டும் எடுத்துவிட்டு, அதன்மேலேயே மறுபடி பூசுங்கள். "சுத்தமா எடுக்கணும்" என்று அழுத்தித் தேய்ப்பதிலேயே பல குழந்தைகளின் தோல் உரிந்துபோகிறது.

எல்லாக் குழந்தைக்கும் தினமும் தேவையா? தோல் நன்றாக இருக்கும் குழந்தைக்குப் பகல் முழுக்க வேண்டியதில்லை. ராத்திரிக்கு, பயணத்துக்கு, வயிறு சரியில்லாதபோது, ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களில், சிவக்கும் முன்னாலேயே பூசிவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். நல்ல தோலில் லேசாகத் தடவ அது நல்லதுதான். ஆனால் பேதியை எதிர்த்து நிற்கும் அளவுக்கு அது கெட்டி இல்லை, கொஞ்ச நேரத்தில் டயப்பர் உறிஞ்சிவிடும்.

படி 5: டயப்பரின் அளவும் கட்டும் விதமும்

குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவு என்று அட்டையில் இருக்கும், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், தொடை பருத்த குழந்தைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கழற்றும்போது இடுப்பிலும் தொடையிலும் ஆழமான சிவந்த தடம் இருந்தால் அடுத்த அளவுக்குப் போங்கள். இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

நம் குழந்தைகளுக்கு இன்னொன்று இருக்கிறது, அரைஞாண் கயிறு. கறுப்புக் கயிறோ வெள்ளியோ, டயப்பரின் எலாஸ்டிக்குக்குக் கீழே மாட்டிக்கொண்டால் அழுத்தி உரசும், கயிறு என்றால் ஈரத்தை உறிஞ்சி நாள் முழுக்க அப்படியே இருக்கும். ஒவ்வொரு தடவையும் அதை மேலே தள்ளிவிட்டுக் கட்டுங்கள், குழந்தை வளர வளரத் தளர்த்துங்கள், பருத்திக் கயிறு என்றால் அடிக்கடி மாற்றுங்கள்.

ஜட்டி மாதிரியான டயப்பர் போடுவதற்குச் சுலபம். கழற்றும்போது இரண்டு பக்கமும் கிழித்து எடுங்கள், கால் வழியாக இழுத்தால் மலம் கால் வரை பரவும். சின்னக் குழந்தைக்கும், புண்ணாக இருக்கும் நாட்களிலும் ஒட்டும் வகைதான் வசதி, தளர்வாகக் கட்டலாம், அடிக்கடி பிரித்துப் பார்க்கலாம்.

சிவப்பு சரியாக எலாஸ்டிக் படும் கோட்டில் மட்டும் அல்லது ஒட்டும் பட்டை படும் இடத்தில் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் டயப்பரில் உள்ள ஏதோ ஒன்றுக்கான ஒவ்வாமை. வேறு கம்பெனிக்கு மாறிப் பாருங்கள்.

படி 6: துணி கட்டுபவர்களுக்கு

துணி கட்டினால் புண்ணே வராது என்பது உண்மை இல்லை. இப்போதைய டயப்பருக்குள் இருக்கும் ஜெல் சிறுநீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், துணி அப்படிச் செய்யாது, ஈரம் தோலோடு இருக்கும். அதனால் துணியை நனைந்த உடனே மாற்ற வேண்டும். நனைந்தது உடனே தெரியும் என்பது துணியின் பெரிய பலம்.

லங்கோட்டுக்கு மேலே பிளாஸ்டிக் ஜட்டி போடும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். படுக்கை நனையாது, ஆனால் உள்ளே குழந்தை ஆவியில் வேகும்.

துவைப்பதில் கவனம் வேண்டும். மலத்தை முதலில் அலசி எடுத்துவிட்டு, வாசனை இல்லாத லேசான சோப்புத்தூளில் வெந்நீரில் துவைத்து, நுரையின் வழுவழுப்பு போகும்வரை வழக்கத்தைவிட ஒரு தண்ணீர் கூடுதலாக அலசுங்கள். துணியில் தங்கும் சோப்பு, குழந்தை ஒண்ணுக்குப் போனதும் கரைந்து தோலில் படும். துணிக்கு வாசனையும் மென்மையும் தரும் திரவம் வேண்டாம், அது துணியின் உறிஞ்சும் சக்தியைக் குறைக்கும், தோலையும் உறுத்தும். வெயிலில் காயவைப்பதற்கு ஈடு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் கஷ்டம்: கொடியில் மூன்று நாள் தொங்கிய, தொட்டால் ஜில்லென்று இருக்கும் துணியைக் கட்டாதீர்கள், இஸ்திரி போட்டு ஈரத்தை முழுக்க எடுத்த பிறகு கட்டுங்கள்.

துணி டயப்பரில் க்ரீம் ஒட்டினால் நாளடைவில் அது தண்ணீரையே உறிஞ்சாது. நடுவில் ஒரு மெல்லிய பழைய துணியை வைத்துக்கொள்ளுங்கள், க்ரீம் அதோடு போய்விடும்.

படி 7: ஆபத்தான நாட்களை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்

ஆறு மாதத்தில் கூழ், கஞ்சி, பழம் ஆரம்பிக்கும்போது மலம் மாறும். ஒரு நேரத்தில் ஒரு புது உணவு என்று மூன்று நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தால், எதனால் சிவந்தது என்று கண்டுபிடிக்க முடியும். ஒரு வயதுக்குள் பழச்சாறு தேவையில்லை, மலத்தைத் தளர்த்துவதுதான் மிச்சம். பழமாக மசித்துக் கொடுங்கள்.

பேதி ஆரம்பித்த முதல் தடவையே தடிமனாகப் பூசிவிடுங்கள், சிவக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். "பல்லு முளைக்குது, அதான் வயித்தால போகுது" என்று விட்டுவிடவும் வேண்டாம், பேதிக்குப் பெரும்பாலும் தொற்றுதான் காரணம். ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். 14 நாள் கொடுக்கும் துத்தநாக மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும், அளவை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், ஆறு மாதத்துக்குக் கீழும் மேலும் அளவு வேறு. 6, 10, 14 வாரத்தில் போடும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள், கடுமையான பேதியைத் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, அதனால் டயப்பர் புண்ணுக்கும் அது ஒரு தடுப்புதான்.

ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களில் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் குறையும், பேதியும் வரும், பூஞ்சையும் வளரும். அந்தச் சமயத்தில் மடிப்புகளைத் தினமும் பாருங்கள்.

சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போவது, கல்யாண மண்டபத்தில் நாள் முழுக்க இருப்பது எல்லாம் இதே வகைதான். பையில் கணக்குக்கு மேல் இரண்டு டயப்பர், ஒரு சின்ன டப்பாவில் களிம்பு, தண்ணீர், வேட்டித் துணி. பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். குழந்தைகள் காப்பகத்தில் விடுபவர்கள் எத்தனை மணிக்கு ஒரு தடவை மாற்றுகிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள், காலையில் விடும்போதே பூசி அனுப்புங்கள்.

பூசக் கூடாதவை

பவுடர். டயப்பர் கட்டும் முன் பஃப்பில் பவுடர் அடிப்பது நம் வீடுகளில் பழகிப்போன காட்சி. பவுடர் ஈரத்தோடு சேர்ந்து மடிப்பில் கட்டியாகி உரசும், காற்றில் பறந்து குழந்தையின் நுரையீரலுக்குள் போகும், அப்படி மூச்சில் போய் மோசமான நுரையீரல் பாதிப்பு வந்த குழந்தைகள் உண்டு. டால்க் என்றால் இன்னொரு காரணமும் உண்டு: 2024 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ள பொருட்களின் பிரிவில் வைத்தது. சோள மாவுப் பவுடரும் மூச்சில் போகும் விஷயத்தில் பாதுகாப்பு இல்லை. மாமியார் அடித்துவிட்டால் சண்டை வேண்டாம், "அத்தை, டாக்டர் பவுடர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று டாக்டர் மேல் போட்டுவிடுங்கள், அதுவே சுலபம்.

மருந்துக் கடைக் கூட்டுக் களிம்பு. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. "குழந்தைக்கு அங்கே சிவந்திருக்கு" என்று கேட்டால் பல கடைகளில் எடுத்துத் தரும் ட்யூபில் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், அதோடு வலுவான ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்திருக்கும். இரண்டு நாளில் சிவப்பு மறைந்துவிடும், அதனால் எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. டயப்பரால் மூடிய இடத்தில் ஸ்டீராய்டு பல மடங்கு உறிஞ்சப்படும். தோல் மெலிந்துபோகும், நிறுத்தியதும் பூஞ்சை இன்னும் பெரிதாகத் திரும்பி வரும், ரொம்ப நாள் போட்டால் உடலின் ஹார்மோன் சுரப்பே பாதிக்கப்படும். 2018இல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது, ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. ட்யூபில் க்ளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் போடவே போடாதீர்கள்.

மஞ்சள், வேப்பிலை அரைத்த விழுது, கடலைமாவு, விபூதி எதுவும் உரிந்த தோலில் வேண்டாம். போரிக் பவுடர், வெண்காரம் இரண்டும் புண் வழியாக உடலுக்குள் போனால் குழந்தைக்கு விஷம்.

சிவந்துவிட்டால் முதல் மூன்று நாள்

மேலே சொன்ன எல்லாவற்றையும் இரட்டிப்பாகச் செய்யுங்கள். பகல் முழுக்க முடிந்தவரை டயப்பரே வேண்டாம். கட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், ஒரு அளவு பெரியதைத் தளர்வாகக் கட்டுங்கள். ஈர டிஷ்யூ, சோப்பு இரண்டையும் நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும். ஒவ்வொரு தடவையும் சிங்க் ஆக்ஸைடு களிம்பு தடிமனாக. தொட்டால் அழும் அளவுக்கு இருந்தால் கை வைக்காமல், வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய டப்பில் கொஞ்ச நேரம் உட்காரவைத்தாலே சுத்தமாகிவிடும். சாதாரண உரசல் சிவப்பு இரண்டு மூன்று நாளில் தெளிவாகக் குறைய வேண்டும்.

குறையவில்லை என்றால் பூஞ்சை சேர்ந்திருக்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் பார்ப்பது கஷ்டமில்லை. உரசலால் வரும் சிவப்பு டயப்பர் நேராகப் படும் மேடான இடங்களில் இருக்கும், மடிப்புகளின் உள்பக்கம் பெரும்பாலும் நன்றாக இருக்கும். பூஞ்சை மடிப்புக்குள்ளேயே போய் அழுத்தமான சிவப்பாக, ஓரம் தெளிவாக இருக்கும், அதைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெறித்தமாதிரி இருக்கும். அப்போது குழந்தையின் வாயையும் பாருங்கள், நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால், பால் கொடுக்கும்போது உங்கள் முலைக்காம்பில் எரிச்சல் இருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் மருந்து போட வேண்டியிருக்கும். பூஞ்சைக் களிம்பை முதலில் மெல்லியதாகப் போட்டு, அதன்மேல் சிங்க் பூச்சு. சிவப்பு மறைந்ததும் நிறுத்தாமல் மருத்துவர் சொன்ன நாள் வரை போடுங்கள்.

இவற்றில் எது இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்:

- காய்ச்சல், நீர்க் கொப்புளம், சீழ், இரத்தக் கசிவு
- ஆசனவாயைச் சுற்றி மட்டும் பளிச்சென்ற சிவப்பு, மலம் போகும்போது அழுகை (இது பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம்)
- வாயைச் சுற்றியும் கைகால்களிலும் அதேபோன்ற புண், முடி உதிர்வு, நீளும் பேதி (துத்தநாகக் குறைவுக்கு இப்படி வரும்)
- ஆறு வாரத்துக்கு உட்பட்ட குழந்தை
- பால் குடிக்காமல் சோர்ந்து இருப்பது, வழக்கத்தைவிடக் குறைவாக ஒண்ணுக்குப் போவது

போகும்போது அதுவரை போட்ட எல்லா ட்யூபையும் கையோடு எடுத்துப்போங்கள், பாட்டி போட்ட எண்ணெயையும் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் நாள் எப்படி இருந்தது என்று ஒரு படம் போனில் இருந்தால் நல்லது, பூச்சு அப்பிய நிலையில் போனால் மருத்துவருக்கு அடியில் இருக்கும் தோல் தெரியாது, அதனால் கிளம்பும் முன் கடைசித் தடவை களிம்பு போடாமல் வெறும் துணி கட்டி அழைத்துப்போங்கள்.